தேய்மானம் என்னும் சொல்லும் பிடிமானம் இழக்கும் திருகாணியும்

கரமனையில் தமிழும் மலையாளமும் அடுத்தடுத்த வீடுகளில் புழங்குகின்றன. முதுகுவலிக்கு மருத்துவரைக் கண்டு திரும்பும் மூதாட்டி எந்த மொழியினராயினும் கொண்டுவரும் விடை பெரும்பாலும் ஒன்றே: ‘தேய்மானம்’. மூட்டின் குருத்தெலும்பு தேய்வதும் அச்சொல்லே. முதுகெலும்பு வட்டுகள் சுருங்குவதும் அச்சொல்லே. எலும்பின் தாதுப்பொருள் குறைந்து உள்ளே சல்லடையாவதும் அச்சொல்லே. மூன்றாவதற்கு ‘எலும்புப்புரை’ என்ற துல்லியமான கலைச்சொல் உண்டு. அது பாடநூலைத் தாண்டவில்லை.

இதைச் சொல்லாராய்ச்சியாளரின் வீண் கவலை என ஒதுக்குவோர் அறுவை அரங்கில் நிகழ்வதை எண்ணிப்பார்க்க வேண்டும். முதுகெலும்பை நிலைநிறுத்தும் அறுவையில் திருகாணிகள் முள்ளெலும்புக்குள் செலுத்தப்பட்டுக் கம்பிகளால் இணைக்கப்படுகின்றன. அவற்றைப் பற்றி நிற்பது எலும்பு. எலும்பு நலிந்திருந்தால் திருகாணி தளரும். சில வேளை பெயர்ந்தே வரும். பொருத்திய பகுதியை அடுத்த முள்ளெலும்பு நொறுங்குவதும் உண்டு. பிறகு மறு அறுவை. ‘தேய்மானம்’ என்று மட்டுமே கேட்ட குடும்பம், இந்த ஆபத்து இன்னதென்று அறியாமலே ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுகிறது.

அளவுகோல் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. எலும்பின் அடர்த்தி இளம் பெண்களின் சராசரியைவிட 2.5 திட்டவிலக்கமோ அதற்கு மேலோ குறைந்தால் அது எலும்புப்புரை என்று உலக சுகாதார நிறுவனம் 1994இலேயே வரையறுத்தது. அதை அளக்கும் டெக்சா சோதனை சில நிமிட வேலை. சாதாரண எக்ஸ்ரேயோ இழப்பு முற்றிய பின்னரே அதைக் காட்டும். முன்னரே அறிந்தால் டெரிபாரடைட் போன்ற மருந்தால் எலும்பை வலுப்படுத்தலாம். திருகாணியைச் சுற்றி எலும்புச் சிமெண்டு செலுத்தலாம். அச்சிமெண்டு கசிந்து நுரையீரலை எட்டக்கூடும் என்பதையும் நோயாளிக்கு விளக்கலாம்.

தண்டுவடம் நசுங்கிக் கால்கள் செயலிழக்கும்போது மாதக்கணக்கில் காத்திருக்க இயலாது என்பது நியாயமே. நாள் குறித்துச் செய்யப்படும் அறுவைகளுக்கும் அதே சமாதானத்தைச் சொல்வது நியாயமன்று.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் அறுபது வயதைக் கடந்தோர் 12.6 விழுக்காடு, இந்திய மாநிலங்களில் அதுவே மிகுதி. இத்தகைய நிலத்தில் ‘தேய்மானம்’ என்ற பொதுச்சொல்லோடு நின்றுவிடுவது மருத்துவரின் நேரத்தை மிச்சப்படுத்தும். விலையைக் கொடுப்பவர் நோயாளி. கலைச்சொல் கருத்தரங்குகள் நடத்தும் மொழித்துறைகள் மருத்துவமனை வாயிலுக்கும் வரட்டும். ஒப்புதல் படிவத்தில் நோயின் பெயரும் அடர்த்தியின் அளவும் நோயாளியின் மொழியில் எழுதப்பட வேண்டும் என்று கோரட்டும்.