காலை 9, இரவு 9



கடந்த ஆண்டு படிவம் நான்கு மாணவன் ஒருவனின் கைக்கடிகாரத்தைப் பறிமுதல் செய்தேன். பல வாரங்கள் விடுப்பில் இருந்துவிட்டு, ஆண்டின் நடுவில் பள்ளிக்குத் திரும்பியவன் அவன். முகக்கவரி அணிந்து சன்னல் ஓரமாக உட்காருவான். சரியாக 9 மணிக்கு, பாடம் நடந்துகொண்டிருக்கும்போது, அந்தக் கடிகாரம் கீச்கீச்சென்று ஒலிக்கும். வகுப்பு சிரிக்கும். இரண்டு முறை எச்சரித்தேன். மூன்றாம் முறை, "வாரக் கடைசியில் வந்து வாங்கிக்கொள்" என்று கழற்றச் சொன்னேன். ஒரு வார்த்தையும் பேசாமல் கழற்றிக் கொடுத்தான்.

மறுநாள் காலையில் அவன் அம்மா பள்ளிக்கு வந்தார். கோபப்படவில்லை. "டீச்சர், கடிகாரத்தை மட்டும் குடுத்துடுங்க. அதுதான் அவனுக்கு மருந்து நேரத்தைச் சொல்லும்" என்றார். அவனுக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்திருந்தது. சிறுநீரகத்தைக் கொடுத்தவர் என் எதிரில் நின்ற அந்த அம்மாதான். மருத்துவரின் கடிதம் பள்ளி அலுவலகத்தில் இருந்தது. என் கைக்கு வரவில்லை. ஆனால், 'ஏன் தினமும் இதே நேரத்தில் ஒலிக்கிறது?' என்று நானும் கேட்கவில்லையே. அறிவியல் ஆசிரியை முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

சிறுநீரகங்கள் செயலிழந்தால் என்ன செய்யலாம் என்று தேர்வில் கேட்டால், 'டயாலிசிஸ்' அல்லது 'உறுப்பு மாற்று' என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுவீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். செய்திகளிலும் கதை பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது: அறுவை சிகிச்சை வெற்றி, கட்டிலைச் சுற்றிக் குடும்பம் சிரிக்கும் படம். உண்மையில் நோயாளியின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்த வேலையில் அவரைச் சுற்றியிருக்கும் நமக்கும் பங்கு உண்டு. இந்த வாரம் நான் சொல்ல வந்தது இதைத்தான்.

முதலில் அறிவியலைப் பார்ப்போம். 1954-இல் அமெரிக்காவின் போஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மரேயின் குழு, நீண்ட காலம் நிலைத்து வேலை செய்த முதல் சிறுநீரக மாற்றைச் செய்தது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்து பிறந்த இரட்டையர்கள். இருவரின் மரபணுக்களும் ஒன்றே என்பதால், பெற்றவரின் உடல் புதிய உறுப்பைத் தன்னுடையது என்றே ஏற்றுக்கொண்டது. மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அம்மாவின் மரபணுக்களில் பாதிதான் பிள்ளைக்கு வருகிறது. எனவே அம்மாவின் உயிரணுக்கள்மேல் இருக்கும் புரதங்களில் சில, பிள்ளையின் உடலுக்கு அந்நியமானவை. அம்மாவின் அன்பு வெள்ளை இரத்த அணுக்களுக்குத் தெரியாது. கிருமியைத் தாக்குவதுபோலவே அவை அந்தச் சிறுநீரகத்தையும் தாக்கப் புறப்படும்.

அதைத் தடுப்பதற்காகவே மருந்துகள். அவற்றில் முக்கியமான ஒன்று டாக்ரோலிமஸ். ஜப்பானில் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து 1984-இல் கண்டறியப்பட்டது. தாக்குதலை நடத்தும் 'டி' அணுக்கள் பெருகுவதற்கான கட்டளையை இது தடுக்கிறது. ஆனால் உடல் இதைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். அடியில் சிறு ஓட்டை உள்ள ஒரு வாளியைக் கற்பனை செய்யுங்கள். உள்ளே இரண்டு கோடுகள். நீர்மட்டம் கீழ்க்கோட்டுக்கு இறங்கினால், உடல் உறுப்பைத் தாக்கத் தொடங்கும். மேல்கோட்டைத் தாண்டினால் கை நடுங்கும். அதைவிட மோசமாக, அந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரண்டு கோடுகளுக்கும் இடைவெளி குறைவு. அதனால்தான் என் மாணவனுக்குக் காலை 9, இரவு 9 என்று 12 மணி நேர இடைவெளி. உணவு இந்த மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் என்பதால், காலை 7 மணிக்குள் பசியாறிவிடுவான். 9 மணிக்கு மருந்து. ஓய்வு மணி அடித்த பிறகுதான் அடுத்த உணவு. அந்தக் கீச்சொலிக்குப் பின்னால் இத்தனை கணக்கு இருந்தது.

மருந்தோடு முடிந்துவிடுகிறதா? இல்லை. காலையில் எழுந்ததும் எடை, இரத்த அழுத்தம், உடல் வெப்பம் ஆகியவற்றை அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். எடை திடீரென்று கூடினால் உடலில் நீர் தேங்குகிறது என்று பொருளாகலாம். காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் வீட்டில் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருக்க முடியாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எதிர்ப்பாற்றல் அடக்கப்பட்ட உடலில் சாதாரணக் கிருமியும் வேகமாகப் பரவிவிடும். மருத்துவர் சொன்ன அளவுக்கு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்க வேண்டும். இந்த மருந்துகள் தோல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுவதால், திடலுக்குப் போகும்போது தொப்பியும் வெயில் தடுப்புக் களிம்பும் தேவை. புதிய சிறுநீரகம் முதுகுப்பக்கம் விலா எலும்புகளின் பாதுகாப்பில் இருப்பதில்லை. அடிவயிற்றில், இடுப்பெலும்புக்கு அருகே பொருத்தப்பட்டிருக்கும். காற்பந்து விளையாட்டில் ஒரு முழங்கை இடித்தாலும் ஆபத்து.

சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். கோப்பிக்கடை அரைவேக்காட்டு முட்டை கூடாது. பச்சை மீன் வைத்த சூஷி கூடாது. ஈப்போ, தம்பூன் பக்கம் சாலையோரக் கடைகளில் தொங்குமே பம்பளிமாஸ், நாம் 'லீமாவ் பாலி' என்று கேட்டு வாங்கும் பழம், அதுவும் கூடாது. டாக்ரோலிமஸைச் சிதைக்கும் நொதியை அந்தப் பழத்தில் உள்ள வேதிப்பொருள் முடக்கிவிடும். வாளியின் ஓட்டையை அடைத்ததுபோல் மருந்தின் அளவு ஏறிவிடும். சீனப் புத்தாண்டுக்கு நண்பன் அன்போடு உரித்துக் கொடுக்கும் ஒரு சுளையை அவன் ஏன் வேண்டாம் என்கிறான் என்பது இப்போது உங்களுக்குப் புரியும்.

மருத்துவமனைக்குப் போகும் நாள் இன்னொரு வகை. தொடக்க வாரங்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறைகூடப் போக வேண்டியிருக்கும். அன்று மட்டும் காலை மருந்தை விழுங்காமல் கையோடு கொண்டுபோக வேண்டும். முதலில் இரத்தம் எடுப்பார்கள், பிறகுதான் மருந்து. வாளியில் மட்டம் ஆகக் குறைவாக இருக்கும் நேரத்தில் அளந்தால்தான், அது கீழ்க்கோட்டுக்கு மேலே நிற்கிறதா என்று தெரியும். அந்த இரத்தத்திலேயே கிரியேட்டினின் அளவையும் பார்ப்பார்கள். உடல் உறுப்பைத் தாக்கத் தொடங்கும்போது பல நேரங்களில் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. கிரியேட்டினின் ஏறுவது மட்டுமே தடயமாக இருக்கும்.

'எனக்கு ஒன்றுமில்லையே' என்ற நினைப்பு ஆபத்தாவது இங்கேதான். உறுப்பு மாற்று பெற்றவர்களில், மருந்தைத் தவறவிட்டு உறுப்பை இழக்கும் அபாயம் பதின்ம வயதினருக்கும் இளையர்களுக்கும் அதிகம் என்பது மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒன்று. சோம்பல்தான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். என் மாணவன் வேறு காரணம் சொன்னான். அவன் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரையால் கன்னங்கள் உப்பியிருந்தன. வகுப்பில் அவனுக்கு 'பாவ்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். "அந்த ஒரு மாத்திரையை மட்டும் விட்டுடலாமான்னு நெனச்சேன், டீச்சர்" என்றான். விடவில்லை. விட்டிருந்தால், ஒரு கேலிப் பெயர் அம்மா கொடுத்த சிறுநீரகத்தையே கெடுத்திருக்கக்கூடும்.

இத்தனை தொல்லைக்கு டயாலிசிஸே மேல் இல்லையா என்று சிலர் கேட்கலாம். டயாலிசிஸ் பலரின் உயிரைக் காக்கிறது, உண்மைதான். ஆனால் இயந்திரத்தோடு வழக்கமாக வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். அதுவும் சிறுநீரகம் செய்யும் வேலையில் ஒரு பகுதியைத்தான் செய்யும். வளரும் பிள்ளைக்கு மாற்றுச் சிறுநீரகம் தருவது பள்ளி நாள்களை, உடல் வளர்ச்சியை, நிம்மதியான தூக்கத்தை. அதற்கு விலையாகத்தான் இந்த ஒழுங்கு.

விதிமுறை எல்லாருக்கும் ஒன்றுதானே என்பார்கள் கட்டொழுங்கு ஆசிரியர்கள். நானும் அப்படிச் சொன்னவள்தான். இன்று என் கருத்து வேறு. கண்ணாடி அணிந்த மாணவனிடம் அதைக் கழற்றிவிட்டுப் படி என்று சொல்கிறோமா? அவனுக்குக் கண்ணாடி எப்படியோ, இவனுக்குக் கடிகாரம் அப்படி. மருத்துவர் கடிதம் கொடுத்தால், பெற்றோர் சம்மதத்துடன் அந்தப் பிள்ளைக்குப் பாடம் எடுக்கும் ஒவ்வோர் ஆசிரியருக்கும் விவரம் போய்ச் சேர வேண்டும். அலுவலகக் கோப்பில் இருக்கும் கடிதம் யாரையும் காப்பாற்றாது.

உங்களிடமும் சில கேட்கிறேன். இருமலும் காய்ச்சலும் இருந்தால் அப்படிப்பட்ட நண்பனின் பக்கத்தில் உட்காராதீர்கள். விளையாட்டுக்குக்கூட அவன் முகக்கவரியைப் பிடித்து இழுக்காதீர்கள். வேண்டாம் என்ற உணவை 'கொஞ்சம்தானே' என்று வற்புறுத்தாதீர்கள். மருத்துவமனைக்குப் போன நாளின் பாடக் குறிப்புகளை அவன் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். உப்பிய முகத்துக்குப் பெயர் வைக்காதீர்கள்.

கடிகாரத்தை அன்றே திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அது ஒலித்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்பதுதான் அவன் கவலை. அதனால் சக ஆசிரியர்களுடன் பேசி ஓர் ஏற்பாடு செய்தோம். 9 மணிக்கு வகுப்பு முழுவதும் ஒரு நிமிடம் பாடத்தை நிறுத்தித் தண்ணீர் குடிக்கும். அறிவியல்கூடத்தில் இருந்தால் நடைபாதைக்கு வந்து குடிப்போம். நாற்பது போத்தல்கள் திறக்கும்போது, ஒருவன் வாயில் மாத்திரை போட்டுக்கொள்வதை யாரும் கவனிப்பதில்லை. அவன் இப்போது படிவம் ஐந்து. அந்தப் பழக்கம் இன்னும் தொடர்கிறது.