வினாவைப் படித்தல்

தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவர் பலர் விடையைப் படிக்கின்றனர், வினாவைப் படிப்பதில்லை. பாடத்தை நன்கு அறிந்தோரும் மதிப்பெண் இழப்பதற்கு அறியாமையைவிட இதுவே பெருங்காரணம் என்பது என் துணிபு.

நன்னூலார் வினாவை ஆறு வகையாகப் பகுத்தார். தான் விடை அறிந்திருந்தும், பிறர் அறிந்துள்ளனரா எனக் காண வினவுவது அறிவினா. தேர்வு வினாக்கள் யாவும் இவ்வகையின. கேட்பவர்க்கு விடை தெரியும். ஆதலின் அவர் வேண்டுவது கேட்டதற்கு நேரான மறுமொழி ஒன்றே. விடை எட்டனுள் சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றும் நேரடி விடைகள். ஏனைய ஐந்தும் குறிப்பால் விடையாவன. 'ஆடுவாயா?' என்று வினவப் 'பாடுவேன்' என்பது இனமொழி விடை. உரையாடலில் அது நயம், தேர்விலோ பிழை. ஆயினும், விடைத்தாள்களில் நாம் மிகுதியாகக் காண்பது இந்த இனமொழியைத்தான்!

'கண்ணகி வழக்குரைத்த திறத்தை விளக்குக' என்று ஒரு வினா இருப்பதாகக் கொள்வோம். 'கண்ணகி' என்னும் பெயரைக் கண்ட அளவிலேயே பலருடைய எழுதுகோல் புகார் நகருக்கு ஓடிவிடுகிறது. திருமணம், மாதவி, பிரிவு, மதுரைப் பயணம் என எழுதி, அரசவையை அடைவதற்குள் பக்கமும் நேரமும் தீர்ந்துவிடுகின்றன. அவ்வினாவின் உயிர் 'திறம்' என்னும் சொல்லில் உள்ளது. புறாவின் துயர் தீர்த்தவனையும் பசுவின் கண்ணீருக்காக மகனையே தேர்க்காலில் இட்டவனையும் முன்னிறுத்தித் தன் ஊரின் அறத்தை அவள் நிறுவுகிறாள்; அதன் பின்னரே தன் பெயரைக் கூறுகிறாள். கள்வனைக் கொல்வது முறையே என மன்னன் உரைத்ததும், தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்பதை மன்னன் வாயாலேயே வெளிப்படச் செய்து, சிலம்பை உடைத்துக் காட்டுகிறாள். முன்சான்று, வாதம், கண்கூடான சான்று என்னும் இவ்வரிசையே விடை. கதை முழுதும் அறிந்த மாணவர் இதனை எழுதாமல் விடுவது வருந்தத்தக்கது.

இலக்கண வினாவிலும் இதே நிலைதான். 'கருங்கடல்' என்பதன் புணர்ச்சி விதியைக் கேட்டால், கருமை + கடல் எனப் பிரித்தவுடன் பணி முடிந்ததாகச் சிலர் கருதுகின்றனர். பிரிப்பது தொடக்கமே, ஈறுபோதல், இனமிகல் என்னும் இரண்டு விதிகளும் கேட்கப்பட்ட பொருள்.

'யாது' என்பது ஒருமை. 'யாவை' என்பது பன்மை. 'ஒப்பிடுக' என்றால் இரண்டையும் தனித்தனியே வருணித்தல் ஆகாது. வினாவின் இறுதிச் சொல்லை அடிக்கோடிடும் பழக்கம் இங்குக் கைகொடுக்கும். மேல்நிலைப் பொதுத்தேர்வில் வினாத்தாளைப் படிப்பதற்கென்றே முதல் 10 நிமிடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அந்நேரத்தில் தெரிந்த வினாக்களை எண்ணி மகிழ்வோரே மிகுதி.

குறை எப்போதும் மாணவருடையதே என்பதும் முறையன்று. 'குறிப்பு வரைக' என்று மட்டும் கூறி வாளா விடும் வினா, வினவுவோரின் சோம்பலையே காட்டுகிறது. அத்தகைய இடத்தில் மதிப்பெண்ணையே அளவுகோலாகக் கொள்க: 2 மதிப்பெண் எனில் தெளிவான இரு செய்திகள் போதும். 'எவையேனும் மூன்றனுக்கு' என்றிருக்கும்போது நான்காவதையும் எழுதுவோர் உளர். அந்நேரத்தை எழுதிய மூன்றையும் வினாவோடு ஒருமுறை ஒத்துப் பார்ப்பதற்குச் செலவிடலாம்.