பதில் டாக்டர்களின் சம்பளம்

இங்கிலாந்தில் 1948ம் வருஷம் ஜூலை 5ந் தேதி தொடங்கிய தேசீய சுகாதார ஸ்தாபனம், நோயாளியிடம் பணம் கேளாமல் சிகிச்சை அளிப்பது என்ற உயரிய கொள்கையின்மீது நிற்கிறது. அதன் மனோவியாதி ஆஸ்பத்திரிகளில் ஒரு டாக்டர் நோயுற்றாலும், ஒரு பதவி காலியாக இருந்தாலும், அவருடைய இரவு முறையை வேறொருவர் ஏற்க வேண்டும். அந்தப் பதில் டாக்டருக்கு என்ன கொடுப்பது என்பது அங்கே தீராத தகராறு. ஓரிரவுக் கூலியைப் பற்றிய அற்ப விஷயம் என்று சிலர் இதைத் தள்ளிவிடக்கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. இந்தியாவிலிருந்து சென்ற டாக்டர்கள் பலர் அந்த ஆஸ்பத்திரிகளில் உழைப்பதால், இது நமக்கு அன்னிய விஷயமுமன்று.

மற்ற வியாதிகளில் டாக்டர் வரத் தாமதித்தால் சிகிச்சை தாமதப்படும். மனோவியாதியிலோ மனிதனுடைய சுதந்திரமே ஊசலாடுகிறது. 1983ம் வருஷத்து மனோவியாதிச் சட்டத்தின் 5(2)வது பிரிவின்படி, தானே விரும்பி வந்து சேர்ந்த நோயாளியை 72 மணி நேரம் வரை வெளியே விடாமல் நிறுத்திவைக்க, பொறுப்பிலுள்ள டாக்டரின் கையெழுத்தே போதும். போலீஸார் 136வது பிரிவின்கீழ் கொண்டுவருபவரை 24 மணி நேரமே வைத்திருக்கலாம். அதை மேலும் 12 மணி நீட்டவும் டாக்டரின் உத்தரவு தேவை. இவ்வளவு அதிகாரம் வகிப்பவர், இருவர் வேலையை ஒருவராகச் செய்து களைத்தவராக இருக்கலாமா? அல்லது அந்த வார்டை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவராக இருக்கலாமா?

தரகுக் கம்பெனிகள் மூலம் வரும் டாக்டர்களின் கட்டணத்துக்கு 2015 நவம்பரில் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 2016 ஏப்ரலில் அது நிரந்தர ஊழியர் சம்பளத்துக்குமேல் 55 சத வீதம் என்று ஆயிற்று. நோக்கம் நியாயமானதே. ஆனால் நோயாளியின் க்ஷேமத்தை முன்னிட்டு வரம்பை மீறலாம் என்ற விலக்கும் உடன் வைக்கப்பட்டது. விளைவை ஊகிப்பது கடினமன்று. ஆஸ்பத்திரி தன் சொந்த டாக்டர்களுக்குக் குறைந்த கூலி கூறுகிறது; அவர்கள் மறுக்கிறார்கள்; பொழுது சாய்கிறது; ஆபத்து நெருங்கியதும் விலக்கின் கதவு திறக்கிறது. பகலில் சொந்த டாக்டருக்குக் கொடுக்க மறுத்த பணம் இரவில் தரகனுக்குப் போகிறது. இதன் பெயர் சிக்கனமா?

பொதுப் பணத்தைக் காக்க வேண்டும் என்பவர்களுக்கு நாம் விரோதிகளல்ல. அதைக் காக்கும் வழியையே கூறுகிறோம். இடத்துக்கு ஒரு விகிதம் என்றிராமல், இரவுக்கும் விடுமுறை நாளுக்கும் உரிய விகிதங்களை எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் பொதுவாக நிர்ணயித்து முன்கூட்டியே பிரசுரிக்க வேண்டும். வார்டை அறிந்த டாக்டர் மனமுவந்து ஏற்கும் அளவுக்கு அவை உயர வேண்டும். உழைத்த பணம் அடுத்த சம்பளத்தோடு கைக்கு வரவேண்டும். மறுப்பவரை வற்புறுத்துவது கூடாது.

மனோவியாதியஸ்தன் தன் குறையைச் சபையேறிச் சொல்ல இயலாதவன். அவனுக்காகப் பேசவேண்டிய கடமை மற்றவர்களுடையது. ஒரு மனிதனைப் பூட்டிவைக்கும் அதிகாரத்தை ஒருவர் கையில் கொடுக்கும் சமூகம், அவர் தெளிந்த புத்தியோடு அதைச் செலுத்துவதற்கான கூலியைக் கொடுக்கத் தயங்குவது நீதியாகாது.