குளக்கரையில் கச்சேரி நடக்கட்டும்... ஆனா எந்த மாசம்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோவை உக்கடம் பெரியகுளத்துக்குப் போனால் பைக் நிறுத்த இடம் கிடைப்பதே பெரும்பாடு. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கரையைச் சீரமைத்து நடைபாதை, விளக்குகள், உட்கார இடம் எல்லாம் போட்ட பிறகு, ஊரின் மாலைப்பொழுதில் பாதி இங்கேதான் கழிகிறது. இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாலுக்குப் போனால் பர்ஸ் காலி. இங்கே சுண்டல் பொட்டலம் ஒன்று போதும்.

சிக்கல் கூட்டத்தில் இல்லை, காலண்டரில் இருக்கிறது.

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை கோவையில் இதமான குளிர். திறந்தவெளி நிகழ்ச்சிக்கு இதைவிட நல்ல சீசன் கிடையாது. கிறிஸ்துமஸ், நியூ இயர், பொங்கல் எல்லாம் இதற்குள்தான். வடக்கே இருந்து ஊசிவால் வாத்துகளும் உள்ளான்களும் தமிழ்நாட்டுக் குளங்களைத் தேடி வருவதும் இதே மாதங்களில்தான். அந்தி சாயும் நேரத்தில், கரையில் சவுண்ட் செக் ஆரம்பிக்கிறது!

சட்டம் தடுக்காதா?

பெரிதாகத் தடுக்காது. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அந்த வரிசையில் பறவைகள் தங்கும் குளம் இல்லை. 2017 சதுப்பு நில விதிகள் கரையிலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானத்தைத் தடுக்கின்றன. ஆனால், பாசனத்துக்காக மனிதர் வெட்டிய குளங்கள் அந்த வரையறைக்கே வெளியே. நொய்யல் தண்ணீரை வயலுக்குக் கொடுத்த கோவைக் குளங்கள் வேறு எந்த வகை?

ஸ்பீக்கரை விட அதிகம் கெடுப்பது, 'அழகுபடுத்துதல்'. கல் பதித்த செங்குத்துக் கரை போட்டோவில் சூப்பரா இருக்கும். நெடுங்கால் உள்ளானுக்கு வேண்டியதோ கணுக்கால் ஆழத் தண்ணீரும் சேறும். தாழைக்கோழிக்கு வேண்டியது, நாம் 'புதர்' என்று வெட்டித் தள்ளுகிற சம்பங்கோரை.

மனசு வைத்தால் முடியாததில்லை. சிங்காநல்லூர் குளத்தை 2017-ல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்ததும் இதே மாநகராட்சிதான். சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில் வேட்டங்குடி சரணாலயப் பறவைகளுக்காக ஊரே தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பண்டிகையையே விட்டுக்கொடுக்கிறார்கள்!

கோவைக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். பெரிய மேடை, டிஜே எல்லாம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வைத்துக்கொள்ளலாம். மழை, வெயில் தொல்லை உண்டுதான். பந்தல் போட்டால் தீர்ந்தது. குளிர்கால மாதங்களில் ஸ்பீக்கர் இல்லாத நிகழ்ச்சிகள் மட்டும்: காலை யோகா, ஓவியப் பட்டறை, குழந்தைகளுக்குப் பறவை பார்க்கும் நடை. சூரியன் மறைவதற்குள் பேக்அப். மேடையும் கடையும் சாலையை ஒட்டிய கரையோடு நிற்கட்டும். எதிர்க்கரையில் விளக்கே வேண்டாம். சேறும் கோரையும் இருந்தபடி இருக்கட்டும். மற்ற இடங்களில் விளக்கின் முகம் தண்ணீரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தால் போதும்.

இதற்குப் புது பட்ஜெட் தேவையில்லை. இடம் கேட்டு வரும் விண்ணப்பத்தில் இரண்டே கேள்விகள் சேர்க்க வேண்டும்: எந்த மாதம்? ஸ்பீக்கர் உண்டா?