எல்லா ரயிலும் எக்ஸ் அச்சில்தான் ஓடுமா?

காமர்ஸ் படிக்கிறவனுக்கு ரிலேட்டிவிட்டியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பி.எஸ்ஸி. இயற்பியல் படிக்கும் நண்பனின் புத்தகத்தைப் புரட்டியதால் வந்த வினை இது.

அந்தப் புத்தகத்தில் ரயில், ராக்கெட் எல்லாமே எக்ஸ் அச்சில்தான் ஓடுகின்றன. லாரன்ஸ் உருமாற்றச் சமன்பாடுகளும் அந்த ஒரு திசைக்கு மட்டும்தான். எங்கள் முதலியார்பேட்டை வழியாகப் போகும் கடலூர் சாலையே, டவுனின் கட்டம் போட்ட தெருக்களுக்குச் சாய்வாகத்தான் போகிறது. ராக்கெட் மட்டும் சாய்ந்து போகக் கூடாதா?

நண்பனைக் கேட்டேன். "அச்சைத் திருப்பி வச்சுக்கடா, முடிஞ்சுது" என்றான். பாதி சரி.

உண்மையில் விதி எளிமையானது. தூரத்தை இரண்டாகப் பிரியுங்கள்: வேகத்தின் திசையில் ஒரு பங்கு, அதற்குச் செங்குத்தாக ஒரு பங்கு. மாறுவது முதல் பங்கும் நேரமும்தான். செங்குத்துப் பங்கு அப்படியே இருக்கும்.

ஒளியின் வேகத்தில் 60 சதவீத வேகத்தில் போகும் 5 மீட்டர் கம்பி ஒன்று. கூடவே போகிறவருக்கு அது ஓடும் திசையில் 4 மீட்டர், செங்குத்தாக 3 மீட்டர் என்று சாய்ந்திருக்கிறது. நின்று அளக்கும் நமக்கு 4 என்பது 3.2 ஆகும். 3 மாறாது. பிதாகரஸ் போட்டால் சுமார் 4.39 மீட்டர். கம்பி குறுகியதோடு கொஞ்சம் நிமிர்ந்தும் விட்டது! இந்த விஷயம் எக்ஸ் அச்சிலேயே ஓடுகிற கம்பியில் தெரியவே தெரியாது.

ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் மியூவான் துகள்களைப் பதிவு செய்கிறது. அவற்றின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ செகண்ட். ஒளி வேகத்திலேயே ஓடினாலும் சுமார் 660 மீட்டர்தான் போக முடியும். ஆனால் பல கிலோமீட்டர் உயரத்திலிருந்து வந்து சேர்கின்றன, அதுவும் நேராகவும் சாய்வாகவும். நேரம் நீள்வதற்கு வேகம் போதும், திசை முக்கியமில்லை. நீளம் குறுகுவதற்குத்தான் திசை வேண்டும்.

சரி, நண்பன் சொன்னதில் தவறான பாதி எது? ஒரே ஒரு வேகம் என்றால் அச்சைத் திருப்பித் தப்பிக்கலாம். முதலில் கிழக்கே ஒரு வேகம், அதன் மேல் வடக்கே ஒரு வேகம் என்றால்? இரண்டையும் சேர்த்தால் வேகமாற்றத்தோடு ஒரு சுழற்சியும் ஒட்டிக்கொள்கிறது. வரிசையை மாற்றினால் விடையும் மாறுகிறது. இந்தச் சுழற்சியைக் கணக்கில் சேர்த்துத்தான் 1926-ல் தாமஸ், எலெக்ட்ரான் சுழற்சிக் கணக்கில் இரண்டு மடங்காக வந்துகொண்டிருந்த பிழையைத் தீர்த்தார்.

ஒரு திசையோடு நிறுத்திய மாணவனுக்கு இதெல்லாம் எட்டாது. சூத்திரம் மனப்பாடம் ஆகும், அவ்வளவுதான். கூடுதலாக ஒரே ஒரு பக்கம் போட்டால் என்ன குறைந்துவிடும்? பேலன்ஸ் ஷீட் போடுகிற எனக்கே புரிகிறதே! :-)