விழவும் பழக வேண்டும்

குழந்தை நடை பழகும்போது பத்து முறை விழுகின்றது. பெற்றோர் கைகொட்டி மகிழ்கின்றனர். அதே குழந்தை பன்னிரண்டு வயதிலே சக்கரச் சப்பாத்து அணிந்து ஒருமுறை விழுந்துவிட்டால், "உனக்கேன் இந்த வேலை?" என்ற கேள்வி எழுகின்றது. பிள்ளை பெண்ணாயின் அக்கேள்வி இன்னும் உரத்து ஒலிக்கும். இவ்வாரம் அக்கேள்விக்கு நாம் விடை கூற முற்படுகின்றோம்.

சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த சப்பாத்திலே சறுக்கி ஓடுவது நெடுங்காலத்துக் கலை. 18ஆம் நூற்றாண்டிலே லண்டனில் வாழ்ந்த ஜோன் ஜோசப் மேர்லின் என்ற கைவினைஞர், தாம் செய்த சக்கரச் சப்பாத்துடன் ஒரு விருந்து மண்டபத்திற்குள் வயலின் வாசித்தபடியே உருண்டு சென்றாராம். நிற்கும் வழி அவருக்குத் தெரியவில்லை. விலையுயர்ந்த நிலைக்கண்ணாடியிலே மோதிக் கண்ணாடியும் வயலினும் நொறுங்கின; அவரும் காயமுற்றார். ஓடப் பழகுமுன் நிற்கப் பழகுக என்பதே இக்கதை நமக்குத் தரும் பாடம்.

முதலிலே காப்பு. தலைக்கவசம், மணிக்கட்டுக் காப்பு, முழங்கை, முழங்கால் காப்புகள் ஆகியன இன்றி ஓரடியும் வைத்தலாகாது. விழுபவர் இயல்பாகவே கையை ஊன்றுவதால், இவ்விளையாட்டிலே மணிக்கட்டே அதிகம் காயமுறுகின்றது.

அடுத்தது இடம். வாகனங்கள் செல்லும் தெருவும் கல்லடிப் பாலமும் இதற்கு ஏற்றவையல்ல. பாடசாலையின் சீமெந்துக் கூடைப்பந்துத் தளம் சிறந்தது. நமது ஊர் மணற்பாங்கானது. சக்கரத்தின் கீழ் மணல் அகப்பட்டால் கால் வழுகும். ஆகவே தளத்தைக் கூட்டிய பின்னரே பழகுதல் வேண்டும். மாரி மழையில் நனைந்த தளத்தைத் தவிர்த்தல் நலம்.

மட்டக்களப்பு வாவியிலே தோணியில் நின்று வலை வீசுபவரைக் கவனியுங்கள். அவர் விறைத்து நிற்பதில்லை. முழங்காலைச் சற்றே மடித்து, தோணியின் அசைவுக்கு உடலை இசைவிக்கின்றார். சறுக்குபவரும் அவ்வாறே நிற்றல் வேண்டும். கைகள் முன்னே இருக்கட்டும். பார்வை காலிலன்றித் தூரத்திலே பதியட்டும். தொடக்கத்தில் புல்தரையில் நின்று பழகினால் சக்கரம் ஓடாது, அச்சமும் நீங்கும்.

பின்னர் விழப் பழகுங்கள். நிலை தடுமாறும்போது பின்புறமாகச் சாய்வதே ஆபத்து. முதுகும் தலையும் அடிபடும். உடலைத் தாழ்த்தி, முன்புறமாக முழங்கால் காப்பிலே விழுந்து, அதன் பின் கைக்காப்பை ஊன்றுங்கள். இதனைப் புல்தரையில் வேண்டுமென்றே பலமுறை செய்து பார்த்தவர், பின்னர் தளத்திலே விழும்போது கலங்கமாட்டார்.

இனி ஓட்டம். நடக்கும்போது காலைப் பின்னே தள்ளுகின்றோம். சக்கரத்தை அவ்வாறு தள்ளினால் அது பின்னே உருளுமேயன்றி உடல் முன்னேறாது. ஆதலின் குதிகால்கள் நெருங்கி, விரல்முனைகள் விலகி நிற்க, ஒருகாலைப் பக்கவாட்டில் தள்ளி மறுகாலிலே உடற்பாரத்தை ஏற்றுதல் வேண்டும். நிற்பதற்கோ, ஒரு சப்பாத்தின் பின்புறத்தில் றப்பர்த் தடுப்பு உண்டு. அக்காலை முன்னே நீட்டி விரல்முனையை உயர்த்தினால், றப்பர் தளத்தில் உரசி வேகத்தைத் தணிக்கும்.

"இது நமது ஊருக்கு ஏற்ற விளையாட்டா?" என்று சிலர் வினவலாம். கூடைப்பந்தாட்டமும் நமது ஊரிலே பிறந்ததன்று. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் அதனைப் புனித மிக்கேல் கல்லூரியிலே வளர்த்தனர். பின்னர் அது நமதேயாயிற்று. நல்லாசிரியரும் ஒரு தளமும் கிடைத்தால் எவ்விளையாட்டும் எம்மண்ணிலும் வேரூன்றும்.

தமிழர் இக்கலையில் பின்தங்கியவருமல்லர். 2023ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோ நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவிலே, 3000 மீற்றர் அஞ்சலோட்டத்தில் வெண்கலம் வென்ற இந்திய மகளிர் நால்வருள் இருவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த கார்த்திகா ஜெகதீஸ்வரனும் ஆரத்தி கஸ்தூரி ராஜும் ஆவர். சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025இல் 1000 மீற்றர் ஓட்டத்திலே உலகப் பட்டமே பெற்றார். இவர்களும் ஒருநாள் தட்டுத்தடுமாறியே தொடங்கியிருப்பர்.

எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் வெல்லப் போவதில்லை, வெல்ல வேண்டியதுமில்லை. விழுந்தால் எழலாம் என்ற துணிவு உடலிலே ஊறினால் அதுவே பெரும்பேறு. முழங்காலிலே பட்ட சிராய்ப்பு ஒரு வாரத்தில் ஆறிவிடும். பார்த்தவர் சிரித்த சிரிப்போ ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆகவே பெற்றோரை நாம் வேண்டுவது ஒன்றே: மகன் விழுந்தாலும் மகள் விழுந்தாலும், நடை பழகிய நாளிலே தட்டிய அதே கையை இன்னொருமுறை தட்டுங்கள்.