பெட்டியில் அச்சிடாத இரண்டு எண்கள்

டர்ன்டேபிள் வாங்கி ஆறேழு மாதம் ஆனவர்கள் அநேகமாக ஒரே கேள்வியோடுதான் மறுபடி கடைக்கு வருகிறார்கள்: இதைவிட நல்ல கார்ட்ரிட்ஜ் எது? கடைக்காரரும் விலையைச் சொல்லத் தொடங்கிவிடுவார். இந்த விலைக்கு இது, அதற்கு இரண்டு மடங்கு கொடுத்தால் அது. வாங்கப்போகும் கார்ட்ரிட்ஜைத் தாங்க இருக்கும் டோன்ஆர்ம் என்ற கை எப்படிப்பட்டது என்று இருவருமே பேசுவதில்லை. பேசாமல் விட்டதன் பலன் வீட்டுக்குப் போனதும் தெரியவரும். பாட்டே இல்லாத இடத்தில் ஸ்பீக்கரின் வூஃபர் முன்னும் பின்னும் ஆடும். லேசாக வளைந்த தட்டில் ஊசி துள்ளும். மிருதங்கத்தின் தொப்பி குழைந்து ஒலிக்கும்.

பழி கார்ட்ரிட்ஜின் தலையில் விழும். பல நேரங்களில் அதன் மேல் குற்றமே இல்லை. தப்பான கையில் மாட்டியதுதான் கோளாறு.

கார்ட்ரிட்ஜ் என்பது டோன்ஆர்மின் நுனியில் இரண்டு திருகுகளால் பொருத்தப்படும் சின்னப் பெட்டி. அதற்கடியில் வைர ஊசி, ஊசியைத் தாங்கும் மெல்லிய தண்டு, தண்டைப் பிடித்திருக்கும் ஒரு ரப்பர் வளையம். இந்த ரப்பர்தான் ஸ்பிரிங். மேலே இருக்கும் கார்ட்ரிட்ஜும் கையும் அந்த ஸ்பிரிங்கின் மேல் ஏறிய சுமை. ஸ்பிரிங்கும் சுமையும் சேர்ந்துவிட்டால் அவற்றுக்கென்று ஓர் அதிர்வெண் உண்டு, அந்த அதிர்வெண்ணில் தூண்டினால் ஆட்டம் பெருகும் என்பது பள்ளியில் படித்த ஒத்ததிர்வுப் பாடம்தான். லாரியின் பட்டை ஸ்பிரிங்கை ஸ்கூட்டருக்குப் போட்டாலும் பயணம் சுகப்படாது, ஸ்கூட்டர் ஸ்பிரிங்கை லாரிக்குப் போட்டாலும் சுகப்படாது. ஸ்பிரிங்கின் விலையைக் கேட்டு இந்தச் சிக்கலைத் தீர்க்க முடியாது.

அந்த அதிர்வெண் எங்கே போய் விழுகிறது என்பதுதான் விஷயம். நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் எல்.பி. ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி எடுத்துக்கொள்கிறது. கணக்கில் சொன்னால் 0.55 ஹெர்ட்ஸ். தட்டின் வளைவும் மேடுபள்ளமும் எழுப்பும் அசைவுகள் அங்கே தொடங்கிப் பெரும்பாலும் 6 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். காதுக்கு எட்டும் இசையோ 20 ஹெர்ட்ஸுக்கு மேலே. ஆகவே இரண்டுக்கும் இடையில், 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள், ஒத்ததிர்வைக் கொண்டுபோய் வைத்துவிட்டால் அது யாரையும் தொந்தரவு செய்யாது. கீழே சரிந்தால் வளைந்த தட்டு கையை உலுக்கும். மேலே ஏறினால் இசையின் அடிச்சுரங்களிலேயே கைவைக்கும்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு எண்கள் போதும். ஒன்று, கையும் கார்ட்ரிட்ஜும் திருகுகளும் சேர்ந்த நிறை, கிராமில். மற்றது கார்ட்ரிட்ஜின் நெகிழ்வு. ஆங்கிலத்தில் காம்ப்ளையன்ஸ் என்பார்கள். ஒரு மில்லிநியூட்டன் விசைக்கு ஊசி எத்தனை மைக்ரோமீட்டர் விலகிக்கொடுக்கும் என்பது அதன் பொருள். இரண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, அதைக் கொண்டு 159-ஐ வகுத்தால் விடை ஹெர்ட்ஸில் வந்துவிடும்.

டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200-ஐ எடுத்துக்கொள்வோம். 1972-ல் வந்து, உலகத்து டி.ஜே.க்களின் மேசையெல்லாம் ஏறி, 2010-ல் நிறுத்தப்பட்டு, 2016-ல் மறுபிறவி எடுத்த டர்ன்டேபிள் அது. நுனியில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல்லோடு சேர்த்து அதன் கையின் நிறை 12 கிராம். டென்மார்க்கின் ஆர்ட்டோஃபான் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ் 7.2 கிராம். திருகுகளுக்கு 0.8 என்று வைத்தால் மொத்தம் 20. கார்ட்ரிட்ஜின் நெகிழ்வும் 20. பெருக்கினால் 400, வர்க்கமூலம் 20, விடை ஏறக்குறைய 8 ஹெர்ட்ஸ். எல்லைக்கோட்டில் நின்றாலும் உள்ளேதான் நிற்கிறது. அதே ஊசியை 25 கிராம் நிறையுள்ள பழங்காலக் கனத்த கையில் மாட்டினால் 6 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஆஸ்திரியாவின் ப்ரோ-ஜெக்ட் டெபுட் கார்பனின் கை 6 கிராம்தான். அதில் ஒன்பதரைக்கு ஏறும். அந்த டர்ன்டேபிளைப் பல நாடுகளில் 2எம் ரெட் மாட்டியே விற்கிறார்கள் என்பதில் வியப்பில்லை. ஊசி ஒன்று, கை மூன்று, விடையும் மூன்று.

இங்கே கையின் நிறை என்பது தராசில் வைத்து நிறுக்கும் எடை இல்லை. அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் ஒவ்வொரு கிராமும் கணக்கில் சேரும். 23 சென்டிமீட்டர் நீளமுள்ள கையில், அச்சுக்குப் பின்னால் 3 சென்டிமீட்டரில் தொங்கும் 100 கிராம் எதிர்எடை, ஊசி முனையில் 1.7 கிராமாகத்தான் உணரப்படும். ஹெட்ஷெல்லில் கூட்டும் ஒரு கிராம் ஏறக்குறைய முழுக் கிராமாகவே சேரும். ஊசியின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து இந்தக் கோளாறைச் சரிசெய்ய முயல்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஊசி அழுத்தம் வேறு, நிறை வேறு. அழுத்தத்தை அளவுக்குமேல் குறைத்தால் ஒத்ததிர்வு தீராததோடு, ஊசி காடியை விட்டு எகிறித் தட்டையும் கெடுக்கும்.

பொருத்தம் தவறுவதற்குப் பெயர்போன உதாரணம் ஒன்று உண்டு. ஜப்பானின் டெனான் டி.எல்-103. என்.எச்.கே. வானொலியோடு சேர்ந்து 1960-களில் ஒலிபரப்புக்காக உருவாக்கிய கார்ட்ரிட்ஜ். இன்றும் தயாரிப்பில் இருக்கிறது. எடை 8.5 கிராம், ஊசி அழுத்தம் 2.5 கிராம், ரப்பரோ விறைப்பானது. ஒலிபரப்பு நிலையத்தின் கனத்த கைகளை நினைத்துச் செய்தது. இங்கிலாந்தின் எஸ்.எம்.இ. நிறுவனம் 1970-களின் பிற்பகுதியில் கொண்டுவந்த 3009 மூன்றாம் வரிசைக் கையோ, நிறை ஏறக்குறைய 5 கிராம் மட்டுமே உள்ள பொறியியல் அழகு. இரண்டுமே அதனதன் துறையில் மகத்தானவை. சேர்த்தால் ஒத்ததிர்வு 14 ஹெர்ட்ஸை நெருங்கிவிடும். டெக்னிக்ஸின் 12 கிராம் கையில் அதே டெனான் பதினொன்றரையில் நிம்மதியாக உட்காரும்.

எஸ்.எம்.இ.யின் மேல் தப்பில்லை. அந்தக் காலத்தின் ஓட்டம் அப்படி. அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் 1964-ல் வி-15 வரிசையைத் தொடங்கியதிலிருந்து, ஊசி எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ, எவ்வளவு குறைந்த அழுத்தத்தில் ஓடுகிறதோ அவ்வளவு உயர்வு என்ற எண்ணம் வேரூன்றியது. மெத்தென்ற ஊசிக்கு இறகு போன்ற கை வேண்டியிருந்தது. ஷூரே 1978-ல் தன் நான்காம் வகையில், ஆட்டத்தைத் தணிக்க முன்பக்கம் ஒரு குட்டித் தூரிகையைப் பொருத்த வேண்டி வந்தது. 1980-களில் விறைப்பான மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ்கள் மேலோங்கியதும் கைகள் மறுபடி சதைபோட்டன. 1983-ல் வந்த ரெகா ஆர்.பி.300 போன்ற நடுத்தரக் கைகள் நிலைத்தன. ஷூர் 2018-ல் கார்ட்ரிட்ஜ் தொழிலையே விட்டுவிட்டது. ஆக, இன்று பழைய சந்தையில் கிடைக்கும் கையும் புதுக்கடையில் கிடைக்கும் கார்ட்ரிட்ஜும் வெவ்வேறு காலத்துப் பிள்ளைகள். விலை இரண்டையும் ஒன்றுசேர்க்காது.

இவ்வளவு எளிய கணக்கை வாங்குபவர் ஏன் போட்டுப் பார்ப்பதில்லை? போடவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் நேர்மையான பதில். ஆடியோ-டெக்னிகாவின் ஏ.டி-வி.எம்.95இ, உலகில் அதிகம் பேசப்படும் சிக்கன விலைக் கார்ட்ரிட்ஜ்களில் ஒன்று. அதன் விவரப்பட்டியலில் நெகிழ்வுக்கு இரண்டு எண்கள்: அசையாநிலையில் 17, 100 ஹெர்ட்ஸில் அளந்தால் 7. கணக்குக்கு வேண்டியதோ 10 ஹெர்ட்ஸில் அளந்தது, அது பட்டியலில் இல்லை. 12 கிராம் கையில் 7-ஐ அப்படியே போட்டால் விடை 14-க்கு அருகில் வந்து பயமுறுத்தும். 17-ஐப் போட்டால் 9-க்குச் சற்றுக் கீழே. அனுபவசாலிகள் 100 ஹெர்ட்ஸ் எண்ணை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்கிக்கொள்கிறார்கள். அப்படிச் செய்தால் 10-ஐ ஒட்டி வரும். மேலே டெனானுக்குச் சொன்ன கணக்கும் இப்படி மாற்றிப் போட்டதுதான். ஐரோப்பியர் ஒரு முறையில் அளக்க, ஜப்பானியர் வேறு முறையில் அளக்க, நடுவில் மாட்டிக்கொள்பவர் காசு கொடுப்பவர். டர்ன்டேபிள் செய்பவர்களில் பலர் கையின் நிறையையே சொல்வதில்லை.

இதெல்லாம் காகிதக் கணக்கு, காதுதான் நீதிபதி என்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒத்ததிர்வின் உயரம் ரப்பரின் தணிப்பைப் பொறுத்தது. நன்றாகத் தணிக்கப்பட்ட ஒன்று 13 ஹெர்ட்ஸிலும் சாதுவாக இருக்கும். 7.8 வந்தது என்பதற்காக நன்றாகப் பாடும் கார்ட்ரிட்ஜைக் கழற்றி எறிவது அசட்டுத்தனம். ஆனாலும் நாளை கேட்கப்போகும் காதால் இன்று கடையில் தேர்வுசெய்ய முடியாது. பெட்டியைப் பிரித்த கார்ட்ரிட்ஜைக் கடைகள் பொதுவாகத் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை.

தமிழ்நாட்டில் இது இன்னும் கொஞ்சம் அவசரமான விஷயம். இங்கே கிடைக்கும் பழைய தட்டுகள், அவை எக்கோ வெளியிட்ட இளையராஜா எல்.பி.க்களாக இருந்தாலும் அதற்கு முந்தைய எச்.எம்.வி. தட்டுகளாக இருந்தாலும், பல கோடைகளைப் பரணில் கழித்தவை. வெயிலில் வினைல் வளையும். வளைவு கூடிய தட்டுக்கு, ஒத்ததிர்வு கீழே சரிந்த ஜோடியைவிடக் கெட்ட துணை கிடையாது. போதாததற்கு ரப்பரும் வெக்கையில் இளகும், ஆண்டுகள் போகப் போக இறுகும். குளிர்ந்த ஆய்வகத்தில் அளந்த நெகிழ்வு, மே மாதத்துச் சென்னை அறையில் அப்படியே இருக்கும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

மின்சாரப் பொருத்தம் தனிக்கதை. 2எம் ரெட் தருவது 5.5 மில்லிவோல்ட், டெனான் தருவது 0.3. சாதாரண போனோ இணைப்பில் டெனானை மாட்டினால் முனகலுக்கு மேல் எதுவும் கேட்காது. இதையாவது கடைகளில் சொல்கிறார்கள்.

கையில் இருக்கும் ஜோடி பொருந்தவில்லை என்றால் பெரிய செலவில்லை. விறைப்பான கார்ட்ரிட்ஜுக்குக் கனமான ஹெட்ஷெல்லும் பித்தளைத் திருகும். மெத்தென்ற கார்ட்ரிட்ஜுக்கு லேசான ஹெட்ஷெல்லும் அலுமினியத் திருகும். ஐந்து கிராம் கூட்டிக் குறைத்தால் ஒரு ஹெர்ட்ஸ் அளவுக்கு நகரும், பெரும்பாலும் அது போதும். சந்தேகம் இருப்பவர்கள் ஹை-ஃபை நியூஸ் சோதனைத் தட்டை ஓட்டிப் பார்க்கலாம். எந்த அதிர்வெண்ணில் கார்ட்ரிட்ஜ் கண்ணுக்குத் தெரியும்படி நடுங்குகிறதோ அதுதான் விடை.

கையின் நிறையை டர்ன்டேபிள் பெட்டியிலும், 10 ஹெர்ட்ஸில் அளந்த நெகிழ்வைக் கார்ட்ரிட்ஜ் பெட்டியிலும் அச்சிட உற்பத்தியாளர்களுக்கு ஆகும் செலவு ஒரு வரி மை. அவர்கள் அச்சிடும்வரை, வாசகர்கள் கடையில் விலையைக் கேட்பதற்கு முன்னால் அந்த இரண்டு எண்களையும் கேட்கட்டும். சொல்லத் தெரியாத கடையில் அன்றைக்கு எதையும் வாங்க வேண்டாம்.